மொட்டைமாடியில் இரண்டாம் வரிசை

அத்தியாயம் 9

ஜெயபாண்டியும் அனுசுயாவும் நேருக்கு நேர் பேசி ஐந்து நாள் ஆகிவிட்டது. ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நடுவில் சேதி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை பிளஸ் டூ படிக்கும் மகள் ஆஷாவின் தலையில் விழுந்திருந்தது.

“அப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு.”

“அப்பா, ரசம் வேணுமா?”

“வேணாம்னு சொல்லு.”

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தது ஒரே பாயில்தான்.

திங்கட்கிழமை வெடித்த இந்தச் சண்டைக்கு மூலகாரணம் ஒரு செடி. பனியன் கம்பெனியில் பதினோரு வருடம், தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்த அனுசுயாவுக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்துவிட்டது. ‘இனிமேல் அந்தத் தூசிப் பக்கமே போகக் கூடாது’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்குத் தெரியாது. திருப்பூர் அவிநாசி ரோட்டில், பனியன் கொள்முதலுக்கு வரும் வெளிநாட்டு பையர்கள் சாப்பிடும் ஒரு ஹோட்டலுக்கு பேசில் இலை வேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அங்கே செஃப் ஆரோக்கியராஜிடமே விதை வாங்கிவந்து மொட்டைமாடியில் வளர்த்தாள். பேசில் வேறொன்றுமில்லை, நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை. இலை கொஞ்சம் அகலம், கொஞ்சம் மினுமினுப்பு.

செடி வளர்ந்தவரை முணுமுணுப்போடு இருந்த ஜெயபாண்டி, இலையை விற்கத் தேதி குறித்தாயிற்று என்றதும் குதித்துவிட்டான். “எங்கம்மா அருப்புக்கோட்டையில தலையில கீரைக்கூடை தூக்கித்தான் என்னைய வளத்துச்சு. இப்ப என் பொண்டாட்டியும் இலை விக்கணுமா? ஊருல என்ன பேசுவாய்ங்க?” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனவன்தான்.

அந்தத் தேதி இன்றைக்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு கிலோ இலையோடு ஹோட்டலில் நிற்க வேண்டும். பிடித்திருந்தால் வாராவாரம் ஆர்டர். இல்லாவிட்டால் திங்கட்கிழமை எட்டரைக்கு அதே கம்பெனி, அதே டேபிள், அதே தூசி. சூப்பர்வைசர் சண்முகவேல் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார். ‘சாயங்காலம் சொல்றேங்க சார்’ என்று தவணை வாங்கி வைத்திருந்தாள்.

காலை ஏழு மணிக்குக் கத்திரிக்கோலும் கூடையுமாக மாடி ஏறியவள், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

மொத்தம் இருபத்துநான்கு செடிப் பைகள். முதல் வரிசைப் பன்னிரண்டும் அவளே மண்ணும் தேங்காய் நாரும் தொழுவுரமும் கலந்து நட்டது. தங்கச்சி வளைகாப்புக்கு அவள் மூன்று நாள் அருப்புக்கோட்டை போயிருந்தபோது இரண்டாம் வரிசையை ஆஷா நட்டிருந்தாள். போன வாரம் வரைக்கும் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டுதான் வளர்ந்தன.

இப்போது முதல் வரிசை பளிச்சென்று நின்றது. இரண்டாம் வரிசை மொத்தமும் தலை தொங்கிக் கிடந்தது. அடியிலைகள் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தன.

நேற்று லேசாக வாடியிருந்ததை வெயில் வாட்டம் என்று நினைத்து செடிக்கொரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஊற்றினதில் தேறவில்லை, இன்னும் மோசமாகியிருந்தது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருடம் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கை, இலையைத் திருப்பிப் பார்த்தது. அசுவினி இல்லை, போன மாதம் வந்ததை வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் அடித்தே ஒழித்திருந்தாள். வெள்ளை ஈயும் இல்லை. பூ மொட்டா என்றால், எட்டிப் பார்க்கும்போதே கிள்ளிவிடுகிறாள். பூக்க விட்டால் இலை சிறுத்துக் கசக்கும் என்று செஃப் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

மண்ணைத் தொட்டாள். சொதசொதவென்று இருந்தது. தண்டின் அடி கறுத்திருந்தது.

தண்ணீர்தான் வில்லங்கம். நேற்றைக்கு முன்னே நான்கு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்திருந்தது, சரி. ஆனால் மழை இரண்டு வரிசைக்கும் சேர்த்துத்தானே பெய்தது? நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாம் வரிசையை ஒட்டி, உயரத்தில், வீட்டுக்காரம்மாவின் தண்ணீர் டேங்க்.

அவ்வளவுதான். ஐந்து நாளாகப் போக்கிடம் இல்லாமல் கிடந்த கோபம், கிடைத்த வழியில் கிளம்பிவிட்டது.

“ஏங்கண்ணு, காலங்காத்தால இங்க என்ன பண்ற?” துவைத்த துணி வாளியோடு மேலே வந்தார் மாரக்காள். கீழ் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா. வாடகை விஷயத்தில் கறார், வாய்ப்பேச்சில் கருப்பட்டி. மொட்டைமாடியில் பை வைத்துக்கொள்ள இடம் கொடுத்ததே அவர்தான்.

“உங்க டேங்க் வழிஞ்சு என் செடியெல்லாம் அழுகிப்போச்சுக்கா. மோட்டாரைப் போட்டா நிப்பாட்ட மாட்டீங்களா?”

மாரக்காள் வாளியைக் கீழே வைத்தார். “என்ற டேங்க்கா? போன தையிலயே தானா நிக்கற மாதர வால்வு போட்டாச்சே. ஒரு சொட்டு வழியறதில்ல. நீயே வந்து தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தாள். டேங்கின் அடிச்சுவர் காய்ந்து கிடந்தது. சுண்ணாம்புதான் விரலில் ஒட்டியது.

“தப்பாப் பேசிட்டேன்க்கா,” என்றாள் அனுசுயா. “நாலு மணிக்கு இலை கொண்டுபோகணும். கையும் ஓடல, காலும் ஓடல.”

“அட, அதுக்கென்ன. பதட்டத்துல வாய் முந்திக்கறதுதான்.” மாரக்காளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இத்தன வாட்டமா இருக்குதே, இன்னுங் கொஞ்சம் தண்ணி உட்டுப் பாக்கலாமா?”

“ஐயோ, வேணாம்க்கா. நானும் அப்படித்தான் நேத்து ஊத்தித் தொலைச்சேன்.” சொல்லிக்கொண்டே முதல் வரிசையையும் இரண்டாம் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குள் இருந்த செக்கிங்காரி விழித்துக்கொண்டாள். “ஒரு கட்டுல இருக்கற அத்தனை பீஸ்லயும் ஒரே குத்தம் இருந்தா, பீஸைத் திட்டிப் பிரயோசனமில்லக்கா. அது யாரு கையில இருந்து வந்துச்சுன்னு பாக்கணும்.”

முதல் வரிசைப் பை ஒன்றைத் தூக்கினாள். ஒரு கையில் வந்தது. இரண்டாம் வரிசைப் பையைத் தூக்க மாரக்காளும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. சாய்த்துப் பிடித்து, அடியில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டாள். மண் தட்டுப்படவில்லை. மெத்தென்று என்னவோ இருந்தது.

பையைக் கவிழ்த்தாள். ஊசிப்போன வாடையோடு மண் சரிந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகிக் கொழகொழத்திருந்தது. அதற்கும் கீழே, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பனியன் துணி.

ஏதோ கந்தலைத் திணித்து வைத்தது போல இல்லை. பையின் அடிக்குக் கச்சிதமாக வட்டம் வட்டமாய் வெட்டி, ஆறு அடுக்கு, ஓரத்தோடு ஓரம் ஒட்டி அடுக்கியிருந்தது. ஒரு அடுக்கும் அரை நூல்கூட விலகவில்லை.

“அடேங்கப்பா! தட்டம் வெச்சு வெட்டுன மாதரயல்ல இருக்குது,” என்று வியந்தார் மாரக்காள்.

ஆஷாவுக்குக் காகிதத்தைக்கூட நேராக வெட்ட வராது. நோட்டுக்கு அட்டை போடவே அப்பாவைத்தான் கூப்பிடுவாள். அந்த அப்பா, பதினாறு வருடமாகத் திருப்பூரில் பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர்.

அனுசுயா ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே படியோரம் நின்று குரல் கொடுத்தாள். “ஆஷா! மேல வா.”

மேலே வந்த ஆஷா, துணியைப் பார்த்ததும் பேந்தப் பேந்த விழித்தாள்.

“திட்டுவியாம்மா?”

“திட்டல. சொல்லு.”

“நான்தான் நட ஆரம்பிச்சேன். அப்பா வந்து பாத்தாரு. வெயில் இந்தப் போடு போடுது, வேர் வெந்துபோயிரும், உங்கம்மா வந்து பாத்தா அழுவான்னு சொல்லிட்டு, கம்பெனியில இருந்து கட்டிங் வேஸ்ட் கொண்டாந்து அவரே வெட்டி அடியில போட்டாரு. தண்ணிய இழுத்துப் புடிச்சு வச்சுக்குமாம். ஞாயித்துக்கிழமை முழுக்க இதே வேலை. நடுறதும் அவருதான் நட்டாரு. நான் மண்ணு அள்ளிக் குடுத்ததோட சரி.”

“அதை ஏன் எங்கிட்ட மறைச்சே?”

“சத்தியம் வாங்கிட்டாரும்மா. செடி வேணாம்னு சொன்ன மனுசன் அவரே நட்டாருன்னு தெரிஞ்சா, கெத்து என்னாகறது?”

மாரக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு துணி காயப்போடப் போய்விட்டார்.

அனுசுயாவுக்குக் கோபம் வரவில்லை. தன்னோடு முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், தனக்குத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த வெயிலில் உட்கார்ந்து வட்டம் வெட்டியிருக்கிறான். நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. அந்த அக்கறைதான் பன்னிரண்டு செடியையும் கொன்றுகொண்டிருக்கிறது என்பதை நினைத்தபோது அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. மணி எட்டாகிவிட்டது.

பன்னிரண்டு பைகளையும் கவிழ்த்தார்கள். துணியை உருவிக் கைப்பிடிச் சுவரில் போட்டார்கள். அழுகிய வேரைக் கத்திரியால் நறுக்கி, வெள்ளை தெரியும் இடத்தில் நிறுத்தினாள் அனுசுயா. ஐந்து செடிகளில் வெள்ளையே தெரியவில்லை. மீதி ஏழையும் காய்ந்த மண்ணில், மாரக்காள் கொண்டுவந்து கொட்டிய ஒரு வாளி மணலைக் கலந்து நட்டாள். பாதி வேரை வைத்துக்கொண்டு முழுச் செடியைச் சுமக்க முடியாது என்பதால் மேலே இருந்ததில் பாதியை வெட்டினாள். பிறகு டேங்க் நிழலுக்கு நகர்த்தினாள். கறுக்காத கொழுந்துகளாகப் பார்த்துப் பன்னிரண்டை எடுத்து, அடியிலையைக் கிள்ளி, தண்ணீர் பாட்டில்களில் நிறுத்தினாள் ஆஷா. பிழைத்தால் பத்து நாளில் வேர் விடும்.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வந்த ஜெயபாண்டி, வீட்டில் யாரையும் காணாமல் மாடிக்கு வந்தான். கைப்பிடிச் சுவர் நெடுக ஈரத்துணி வட்டங்கள் வரிசையாகக் கிடந்தன. தன் கைவேலையை அவனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

மகளை முறைத்தான். “சத்தியம் பண்ணிட்டு சொல்லிட்டியா?”

“நீங்க வெட்டுன நேர்த்தியே சொல்லிருச்சுப்பா.”

ஜெயபாண்டி தொண்டையைச் செருமினான். “நல்லதுக்குன்னு நெனைச்சுத்தான் பண்ணேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

“நீங்களே சொல்லிக்கங்க. எனக்கு டியூசன் இருக்கு,” என்று ஆஷா படியிறங்கிப் போயே போய்விட்டாள். ஐந்து நாளைக்குப் பிறகு அவளுக்கு வேலையிலிருந்து விடுதலை.

இருவர் மட்டும் நின்றார்கள்.

“அத்தனையும் போச்சா?” என்றான் ஜெயபாண்டி.

“அஞ்சு போச்சு. ஏழு தேறலாம்.”

“தண்ணி இருந்தா நல்லதுன்னுதான் நெனைச்சேன் அனு.”

“தண்ணி மட்டும் போதாதுங்க. வேரும் மூச்சு விடணும். பனியன் துணி போய் அடைச்சுக்கிட்டா அது எப்படி விடும்?”

ஜெயபாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தான். இழுப்பு வந்த ராத்திரிகளில் தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து அவள் உட்கார்ந்தே தூங்கின மாதங்கள் அவன் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

“உன்னைய மாதிரிதான்,” என்றான் மெதுவாக.

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு, மனசில் ஐந்து நாளாக வைத்திருந்ததைச் சொன்னாள். “அத்தை கீரை வித்ததுக்கு நான் எங்கயும் தலைகுனிஞ்சதில்லங்க. நீங்கதான் குனியுறீங்க.”

சுருக்கென்றுதான் இருந்திருக்கும். ஆனால் அவன் கோபித்துக்கொண்டு இறங்கிப் போகவில்லை. ஈர வட்டங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பை மூட்டையில் போட்டான். போட்டு முடித்ததும் கம்பெனிக்குப் போன் செய்து, சாயங்காலம் வரை பெர்மிஷன் சொன்னான்.

மூன்று மணிக்கு முதல் வரிசையில் இலை வெட்டினாள். கணுவுக்குச் சற்று மேலே, இரண்டு ஜோடி இலையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். அப்போதுதான் ஒன்று இரண்டாகக் கிளைக்கும். ஆசைப்பட்டு மொட்டையடித்தால் அதோடு சரி. சமையல் தராசில் வைத்தபோது அறுநூறு கிராம் காட்டியது.

“ஒரு கிலோல்ல கேட்டாங்க?” என்ற ஜெயபாண்டி, வாடின செடிகளிலிருந்து வெட்டிப் போட்டிருந்த குவியலைப் பார்த்தான். “இதுலயும் பச்சையாத்தானே இருக்கு? நடுவுல வச்சுக் கட்டுனா...”

“பதினோரு வருசம் செக்கிங்ல உக்காந்தவகிட்டயா சொல்றீங்க? நல்ல பீஸோட சொத்தைய வச்சுக் கட்டுனா பெட்டி மொத்தமும் திரும்பி வரும். இருக்கறதைக் கொண்டுபோவோம்.”

கட்டிங் மாஸ்டர் அந்தக் குவியலை அள்ளிக் குப்பை மூட்டையில் போட்டான்.

நான்கு மணிக்கு ஹோட்டல் சமையலறையின் பின்வாசலில் நின்றார்கள். செஃப் ஆரோக்கியராஜ் தூத்துக்குடிக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கசக்கி முகர்ந்தார். இன்னொன்றை மென்றார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தராசில் வைத்தார்.

“ஒரு கிலோ சொல்லியிருந்தேனேம்மா.”

அனுசுயா எதையும் மறைக்காமல் சொன்னாள். மழை, பை, துணி, அழுகல் எல்லாவற்றையும்.

“பனியன் துணியையா போட்டீங்க?”

“நாந்தாங்க போட்டேன்,” என்று முன்னால் வந்தான் ஜெயபாண்டி. “அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை. “இன்னைக்கு முப்பது பேருக்கு விருந்து. உங்க ஒரு கிலோவ நம்பித்தான் மெனுவே எழுதியிருக்கேன்.”

திங்கட்கிழமை, எட்டரை மணி, குழல் விளக்குக்குக் கீழே மிதக்கும் பஞ்சு என்று வரிசையாக எல்லாம் அனுசுயாவின் கண்ணில் ஓடியது.

செஃப் சுவரில் ஒட்டியிருந்த மெனுத் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார்.

“ஒரு அயிட்டத்தைத் தூக்கிட்டேன். இலை குறைஞ்சா சமாளிச்சுக்கலாம், கெட்டுப்போய் வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. வெளியூர்ல இருந்து எனக்கு வர்றதெல்லாம் ஐஸ் பெட்டியில கறுத்துப்போய்த்தான் வருது. இது எப்ப வெட்டுனது?”

“மூணு மணிக்குங்க. ஃபிரிஜ்ஜுல வைக்கல, தண்ணியில நிறுத்தித்தான் வச்சிருந்தேன்.”

முதல்முறையாக அவர் முகம் இளகியது. “புதன்கிழமை ஒரு கிலோ, சனிக்கிழமை ஒரு கிலோ. வாராவாரம். உங்களால முடியுமா?”

முதல் வரிசை இப்போதுதான் வெட்டுப்பட்டிருக்கிறது, மறுபடி தழைக்க மூன்று வாரமாவது ஆகும். நிழலில் ஏழு நோயாளிகள். பாட்டிலில் வேரில்லாத பன்னிரண்டு கொழுந்துகள். இவ்வளவும் அவளுக்கு மனக்கணக்காய்த் தெரியும்.

“முடியும்ங்க,” என்றாள்.

ஜெயபாண்டி திடுக்கிட்டுத் திரும்பினான்.

வெளியே வந்து வண்டியருகே நிற்கும்போது போன் அடித்தது. சண்முகவேல். “ஏனுங்க அனுசுயா, திங்கக்கெழமைக்கு டேபிள் ரெடி பண்ணி வெச்சுட்டனுங்க. வந்துருவீங்கல்ல?”

அனுசுயா கணவனைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் போனை அவன் கையில் கொடுத்திருப்பாள். இன்றைக்குக் கொடுக்கவில்லை.

“இல்லீங்க சார். இனிமே வரலீங்க. அந்த எடத்துல வேற யாரையாவது உக்கார வச்சுக்கங்க.”

போனைக் கூடையில் போட்டாள்.

“புதன்கிழமைக்கு ஒரு கிலோ இலை எங்கடி இருக்கு?” என்றான் ஜெயபாண்டி.

“எங்கயும் இல்ல.”

“அப்புறம் எந்தத் தைரியத்துல முடியும்னு சொன்னே?”

“நீங்க இருக்கீங்கல்ல.”

அவன் போனை எடுத்து யாருக்கோ இரண்டு தடவை அடித்தான். எடுக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டினான்.

“எங்க டேபிள்ல வேலை பாத்தான்ல முனீஸ், அவன் உடுமலைப்பேட்டையில நர்சரி போட்டிருக்கான். ஆஷாவ வீட்டுக்காரம்மா பாத்துக்கும். வளந்த செடியா இருந்தா வாங்கிட்டு வந்துரலாம். இப்பவே போவோம், ஏறு.”

“அவருகிட்ட இந்தச் செடி இருக்கும்னு என்ன நிச்சயம்?”

“ஒரு நிச்சயமும் கிடையாது. முடியும்னு சொன்னப்ப உனக்கு என்ன நிச்சயம் இருந்துச்சு?”

அனுசுயா பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் சந்துக்குள் நுழையாமல், வண்டி உடுமலைக்குப் போகும் பல்லடம் ரோட்டில் திரும்பியது.